கடப்பாக்கம் சாலையில் நம் நீல வண்டி

அன்பு தயா மச்சானுக்கு,

எட்டு வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்று எழுதுகிறான் என்றால், ஏதோ காரியம் இருக்கிறது என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். இருக்கிறது. வண்டி மாற்றலாமா, வேண்டாமா என்று உன்னிடம் கேட்கத்தான் சில மாதங்களுக்கு முன்னால் முதன்முதலில் பேப்பரை எடுத்தேன். ‘அன்பு மச்சானுக்கு’ என்பதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சேர்ந்து இப்போது வேறு கடிதமாகிவிட்டது.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக ஒரு ஷோரூம் திறந்திருக்கிறார்கள். ஆபீஸ் பஸ்ஸில் வரும்போது கண்ணாடிக்குள்ளே நின்றுகொண்டிருந்தது ஒரு பெரிய பைக். நல்ல உயரம். முன்சக்கரம் பெரியது. மணல், ஜல்லி, மேடு, பள்ளம் எதையும் பார்க்காமல் ஏறும். ஒரு முறை டேங்கை நிரப்பினால் நாளெல்லாம் பங்க் தேட வேண்டாம். பின்னால் பெட்டி மாட்டக் கம்பியைக் கம்பெனியே வைத்துத் தருகிறது. தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. நாம் சைக்கிள் டியூபால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, கொடைக்கானல் ஏறுவதற்குள் அது மூன்று தடவை அவிழ்ந்து விழுந்ததே, நினைவிருக்கிறதா?

எனக்கு நாற்பத்து நாலு முடிந்துவிட்டது. பழைய வண்டியில் மகாபலிபுரம் போய் வந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. லடாக் போகவேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் ஐந்து வருஷம் கழித்து என்னால் போக முடியுமா, தெரியவில்லை. அதனால் நம் நீல வண்டியைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துவிடலாம் என்று ஒரு மனசு. கொடுத்துவிட்டால் உன்னுடையது என்று என்னிடம் ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே என்று இன்னொரு மனசு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தொண்ணூற்று நாலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை வாங்கினோம் என்றாலும், ஆர்.சி. புத்தகம் உன் பேரில் இருக்கிறது. நீ போன பிறகு தேவகி, “எனக்கு அந்த வண்டியப் பாக்கவே முடியல, நீங்களே வெச்சிக்கோங்கண்ணா” என்று சொன்னாள். அப்போதிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில்தான் நிற்கிறது. இப்போது அதைக் கொடுக்க வேண்டுமென்றால் உன் மனைவி கையெழுத்துப் போடவேண்டும். ஷோரூம்காரப் பெண் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதை நிரப்பினேன். வண்டி ஓடிய கிலோமீட்டர் என்ற இடத்தில், கொட்டகைக்குப் போய் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதினேன். தேவகி கையெழுத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் கேன்டீனில் முருகேசன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். உனக்கு அவனைத் தெரியாது, எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்தவன், ஊர் செய்யூர். பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் நான் நீல வண்டியில் போவதை அவன் பார்த்திருக்கிறான்.

“இன்னா சார், நேத்து லீவா?”

“இல்லியே. ஏன்?”

“நேத்து நான் ஊர்ல இருந்தேன். செய்யூர் தாண்டி கடப்பாக்கம் போற ரோட்ல உங்க நீல வண்டி போச்சு. நீங்கன்னு நெனச்சி கூப்ட்டேன். ஓட்டிகினு போனவரு திரும்பிகூடப் பாக்கல.”

“நீல வண்டி ஊர்ல ஒண்ணுதானா கீது?”

“டேங்க்ல வெள்ளப் பட்டை, அதுல ஒரு நசுங்கல். உங்க வண்டிதான் சார். ஒரு பிரவுன் கோட்டு போட்டுகினு இருந்தாரு.”

உன்னுடைய பிரவுன் ஜெர்கினை நான் ஆபீசுக்குப் போட்டுப் போனதே இல்லை, மச்சான். அது கொட்டகையில் உன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. முருகேசன் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குத்தான் போனேன். பாரத்தை எடுத்து மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று கூடுதல். இங்கிருந்து கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டைக்கு மதுராந்தகம், செய்யூர் வழியாகப் போய்த் திரும்பினால் எவ்வளவு வரும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். எத்தனை தடவை போயிருக்கிறோம்!

உன் தங்கச்சி கலா சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் திரும்பாமலே, “பழைய மீட்டர். தானா ஓடியிருக்கும், வுடுங்க” என்றாள்.

நின்ற வண்டியின் மீட்டர் எப்படித் தானாக ஓடும்?

அந்த வாரம் முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. உன் சாவுக்குப் பிறகு நான் செய்யாமல் விட்ட ஒரு காரியம் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. ஆலம்பரையில் நீ தண்ணீரில் போன மூன்றாம் நாள் மரக்காணம் பக்கம் உன்னை மீனவர்கள் கரையேற்றினார்கள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் சொல்லக் கூப்பிட்டபோது நான் உள்ளே போகவில்லை. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உன் சித்தப்பாதான் பார்த்துவிட்டு வந்து, “அவன்தான்” என்றார். தைத்து மூடிய துணியோடுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, மச்சான். அந்த ஒரு ஓட்டை வழியாக, இத்தனை வருஷம் கழித்து, என்னென்னவோ எண்ணங்கள் உள்ளே வந்தன. சித்தப்பாவுக்கு அப்போதே கண் சரியில்லையே என்றெல்லாம் யோசித்தேன்.

அடுத்த புதன்கிழமை ஐந்தரை மணிக்கு ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெயில் இன்னும் இருந்தது. கொட்டகைக்குள் நிழல். வண்டியின் சைலன்சரில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. பின்சக்கரத்தின் வரிகளில் மணல். நம் ஊர்ச் செம்மண் இல்லை, வெள்ளை மணல், நடுவில் ஒரு பொடிச் சிப்பி. ஆணியிலிருந்து உன் ஹெல்மெட்டை எடுத்து உள்ளே விரல் விட்டேன். பஞ்சு ஈரமாக இருந்தது. வியர்வை என்று சொல்ல முடியாத ஈரம். அழுத்தினால் விரல் நனைந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. உப்புக் கரித்தது.

கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு மாட்டிவிட்டு, “மழத் தண்ணி ஒழுவியிருக்கும்” என்றாள்.

“மழ எங்க பேஞ்சிது கலா?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அன்று முடிவு செய்தேன். அந்த வண்டி இந்த வீட்டில் இருக்கக் கூடாது. புது வண்டி வேண்டும் என்ற ஆசை போய், பழையது போகவேண்டும் என்ற பயம்தான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை நீல வண்டியை ஓட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். புது வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். தாராளமாக எடுத்துப் போங்கள், உங்கள் வண்டியும் சாவியும் இங்கே இருக்கட்டும் என்றாள் அந்தப் பெண். உன் வண்டியை அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, சாவியை அவள் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். இதை நான் நன்றாகப் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், அங்கிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பினேன். வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும் மச்சான், அது வேறு பிறவி. நிமிர்ந்து உட்காரலாம். வேகத்தடை வந்தது தெரியவில்லை. சத்தமே இல்லை. நம் வண்டியில் போனால் உன் காதுக்குள் கத்திப் பேசவேண்டும். இதில் கடல் சத்தம் கேட்கிறது. பத்து நிமிஷம், வெறும் பத்து நிமிஷம், எல்லா பயத்தையும் மறந்து சந்தோஷமாக இருந்தேன்.

கோவளத்தில் காசிம் பாய் பங்க்சர் கடையில் நிறுத்தினேன். நாம் இரண்டு பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருப்போம்! பாய்க்கு இப்போது ஒரு கண்ணில் புரை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். புது வண்டியைப் பார்த்தார்.

“இன்னா பாலு, நீ இதுல கீற?”

“ஓட்டிப் பாக்குறேன் பாய். எப்பிடி கீது?”

அவர் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையில் டீ கிளாஸ் இருந்தது. சாலையின் தென்பக்கம் பார்த்தார்.

“நீ இதுல கீறன்னா, அதுல போனது யாரு?”

“எதுல?”

“உங்க நீல வண்டில. இப்பதான் போச்சு. இந்த டீ இன்னும் ஆறல. எனக்குக் கண்ணு செரியா தெரியல, ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அந்த சைலன்சர் நான் மாட்டிக் குடுத்தது. தாண்டும்போது எடது கைய தூக்கிட்டுப் போச்சு, எப்பவும் தூக்குற மாதிரி.”

நான் தென்பக்கம் திரும்பிப் பார்த்தேன். “பாய், தயா செத்து எட்டு வருஷம் ஆவுது.”

“தெரியும்பா,” என்றார் காசிம் பாய். “அதான் கேக்குறேன்.”

திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. ஷோரூமுக்கு வந்தால் உன் வண்டி அதே இடத்தில், முன்சக்கரம் அதே பக்கம் திரும்பியபடி நின்றது. யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன். சாவி என்னிடம்தானே சார் இருக்கிறது என்று டிராயரைத் திறந்து காட்டினாள். சைலன்சரைத் தொட்டேன், ஆறிக் கிடந்தது. மீட்டர் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்த பாரத்தில் தேவகியின் கையெழுத்து இல்லாததால் வண்டியை அங்கேயே விட்டு வரவும் முடியவில்லை. நான்தான் அதன்மேல் உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். பின் சீட்டில் கனம் ஏதாவது தெரிகிறதா என்று வழியெல்லாம் கவனித்துக்கொண்டு வந்தேன். தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்றாவது புதன்கிழமை. கலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ் ஏறிக் கல்பாக்கத்தில் இறங்கினேன். கேட்டுக்குள் போகாமல் மெயின் ரோட்டுக்கு வந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொட்டகையில் காவல் இருந்திருக்கலாம். ஆனால் வண்டி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியுமே. போகிற இடத்தில் நின்று பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

கடப்பாக்கத்தில் இறங்கிக் கோட்டைக்கு நடந்தேன். எட்டு வருஷத்தில் நான் அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை. பத்தரை மணி வெயில். வலை காயும் நாற்றம். ஆள் அரவமே இல்லை. கழிமுகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது, அன்றைக்குக் கிடந்த மாதிரியே. இடிந்த செங்கல் சுவரைச் சுற்றித் திரும்பினேன்.

நம் வண்டி நின்றுகொண்டிருந்தது. நாம் அன்று நிறுத்திய அதே இடத்தில், சுவரின் நிழலில். பத்தடி தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி, பிரவுன் ஜெர்கினும் உன் ஹெல்மெட்டுமாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

“மச்சான்” என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திக் கூப்பிட்டேன்.

அது சட்டென்று எழுந்து திரும்பியது. இரண்டடி பின்னால் போனது. அப்புறம் இரண்டு கையாலும் ஹெல்மெட்டைக் கழற்றியது. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணிக்குக் கீழே ஜடை.

தேவகி.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அய்யோ அண்ணா, நீங்களா! செவத்தாண்ட அவரு வந்து நிக்கிறாருன்னே நெனச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து அவளே சொன்னாள்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புதன்கிழமை வார ஓய்வு. உன் அம்மாவிடம் டியூட்டி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாளாம். எங்கள் வீட்டுக்கு வந்து, உன் ஜெர்கினையும் ஷூவையும் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டு, நான் வருவதற்குள் நிறுத்திவிட்டுப் போவாளாம். மூன்று மாசமாக நடக்கிறது. சாவி கொடுப்பது கலா. உன் தங்கச்சியின் சாமர்த்தியத்தைப் பார்த்தாயா? நான் பயந்து சாகிறேன், அவள் தாளித்துக்கொண்டு நிற்கிறாள்!

“யாரு உனக்குக் கத்துக் குடுத்தது?” என்று கேட்டேன்.

“அவருதான். கல்யாணமான ரெண்டாம் வருஷம். இங்கதான், அந்த சவுக்குத் தோப்பு மண்ரோட்ல. ஊருக்குத் தெரிஞ்சா அத்த திட்டும்னு யாருக்கும் சொல்லல.”

“எங்கிட்டகூடச் சொல்லலியே அவன்.”

“நல்லா ஓட்டக் கத்துகினு ஒரு நாள் உங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கணும், பாலு மூஞ்சப் பாக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு.”

அதை மட்டும் நீ செய்யாமல் போய்விட்டாய்.

பிறகு அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். எட்டு வருஷமாகக் கேட்காத கேள்வி. “அண்ணா, அன்னிக்கு இங்க இன்னாதான் நடந்துச்சு? நீந்தப் போனாரு, வரலன்னு மட்டும்தான் சொன்னீங்க. அவரு இந்தத் தண்ணியில நூறு தடவ நீந்துனவரு.”

சொன்னேன். மச்சான், உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். அன்று நீ ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் காட்டினாய். பெரிய வண்டி, வெளிநாட்டு மலையில் நிற்கிறது. “இந்த மாதிரி ஒண்ணு நம்மூருக்கும் வரும் மாப்ள, வந்தா மாத்திடணும்” என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! நம் வண்டிக்கு என்ன குறை, உனக்கு எதிலும் நிலை கிடையாது, என்னைக் கேட்காமலே முடிவு பண்ணிவிட்டாயா என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டினாய். “வா, மணல் திட்டு வரிக்கும் ஒரு ரவுண்டு. சூடு தணியும்” என்றாய்.

“எங்கனா போய்த் தொல” என்றேன்.

அதுதான் நான் உன்னிடம் பேசிய கடைசி வார்த்தை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, செயின் இறுக்குகிற சாக்கில் ஸ்பானரை எடுத்துக்கொண்டேன். நீ தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை கை போட்ட சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை என் பேரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கேலி செய்கிறாய் என்று நினைத்து நான் திரும்பவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓர் அலை இல்லை, ஒரு வட்டம் இல்லை. யாருமே அதில் இறங்காத மாதிரி.

நீ கூப்பிட்டாயா, மச்சான்? அதை மட்டும் எனக்கு யாராவது சொன்னால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

தேவகி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். கடைசியில் கேட்டாள்:

“இந்த வண்டிய விக்கணும்னு சொன்னாரா?”

யோசித்துப் பார்த்தேன். “மாத்தணும்னுதான் சொன்னான்.”

“விக்க மாட்டாருண்ணா. புது வண்டி வந்தா நீங்க ரெண்டு பேரும் அதுல, இது எனக்குன்னு சொல்லியிருந்தாரு. மொதல்ல பாலுகிட்ட மாத்துறதப் பத்திப் பேசிட்டு, அப்புறம் உன் விஷயத்தச் சொல்றேன்னுதான் அன்னிக்கிக் கெளம்புனாரு.”

அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல நான் உன்னை விடவில்லை. அப்படித்தானே?

அவள் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “கலாவுக்கு இது தெரியாது இல்ல? நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் சட்டைப் பையிலிருந்த பாரத்தை எடுத்துக் கிழித்தேன்.

வீட்டுக்கு வரும்போது அவள்தான் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். செய்யூர் கடைத்தெருவில் அவள் ஹெல்மெட் போடவில்லை. ஜடை பறக்க ஒரு பெண் ஓட்ட, நரைத்த தலையோடு நான் பின்னால் போவதைப் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நன்றாக ஓட்டுகிறாள், மச்சான். வளைவில் உன்னை மாதிரியே இடது தோளைச் சாய்க்கிறாள். அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன். “எல்லாம் செரி தேவகி, கோவளத்துக்கு எதுக்குப் போன? காசிம் பாய் சொன்னாரு.”

“கோவளமா? நான் அந்தப் பக்கமே போனதில்லண்ணா. கோட்டைக்குதான் போவேன். அதுவும் புதன்கிழமதான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசிம் பாய் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. வண்டி ஷோரூம் வாசலில், சாவி டிராயரில். அதை நானே பார்த்தேனே.

“போன வாரம் ஹெல்மெட்ட தண்ணியில போட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“இல்லியே. தலையில துணி கட்டிகினுதான் போடுவேன், அவரு ஹெல்மெட்டுல என் தல எண்ண படக் கூடாதுன்னு. தண்ணிகிட்டகூட நான் போக மாட்டேன். செவத்தாண்டயே உக்காந்துட்டு வந்துடுவேன்.”

இரண்டு பேரும் வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தோம். அதைத் தொட்டுப் பார்க்க இருவருக்கும் மனசு வரவில்லை. டீ ஆறிவிட்டது. அதைக் குடிக்காமலே கிளம்பிவிட்டோம்.

கலாவும் அந்த ஈரத்தைப் பார்த்துப் பயந்ததாக அன்று சாயங்காலம்தான் ஒப்புக்கொண்டாள். மற்றதெல்லாம் தெரிந்தே நடித்தேன், அது மட்டும் எனக்கும் புரியவில்லை என்றாள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் உள்ளபடி எழுதிவிட்டேன். இனி நீதான் சொல்லவேண்டும்.

சொல்ல வந்த செய்தி இதுதான், மச்சான். புது வண்டி எடுத்துவிட்டேன். பழையதைக் கொடுக்கவில்லை. அது தேவகியின் பேருக்கு மாறிவிட்டது. இப்போது டியூட்டிக்கே அதில்தான் போகிறாள். உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்ன அன்று வீடு இடியும் என்று எதிர்பார்த்தோம். அத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “மூணு மாசமா அந்தப் பிரவுன் கோட்டு வாசனையோட வூட்டுக்கு வரியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நானும் என் புள்ள வந்துட்டுப் போறான்னுதான் நெனச்சிகினு இருந்தேன்” என்றாள். அப்புறம், “மெதுவா ஓட்டு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

புது வண்டியில் இன்னும் தூரமாக எங்கும் போகவில்லை. ஈ.சி.ஆரில் மட்டும் ஓட்டிப் பழகுகிறேன். அது சத்தமில்லாமல் போவதால் எல்லாம் கேட்கிறது. சில நாள் உப்பளம் தாண்டும்போது, நடுப்பகலில், முன்னாலோ பின்னாலோ ஒரு வண்டியே இல்லாதபோது, கொஞ்ச தூரத்தில் அந்தப் பழைய இஞ்சின் சத்தம் கேட்கிறது. தேவகி டியூட்டியில் இருக்கும் நேரம் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை விரட்டிப் போனேன். ஒன்றும் இல்லை. இப்போது விரட்டுவதில்லை. வேகத்தைக் குறைத்து, சாலையின் ஓரமாக ஒதுங்கி, இடம் விட்டுப் போகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று. கலா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். அன்று நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. எட்டு வருஷமாக அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, உன் படத்துக்கு அவள் பூ வைப்பதைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்கள் படிப்பதற்கு முன்னால் அவள் கையில்தான் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை முதுகைக் காட்டமாட்டேன். இது சத்தியம்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. அவளாகத்தான் இருக்கவேண்டும். எழுந்து போகிறேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ள
பாலு